தாத்தா பார்த்ததும் பேரன் மறுப்பதும்



நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிற ஒரு வழக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த வழக்குக்குக் கோர்ட் கிடையாது. கூடத்தில் நடக்கும், சாப்பாட்டு நேரத்தில் நடக்கும், கல்யாண வீட்டுத் திண்ணையில் நடக்கும். தாத்தாவோ பெரியப்பாவோ அத்தையோ ஒருவர் ஆரம்பிப்பார்: “மன்கட் ஆடினதை நான் நேர்ல பார்த்திருக்கேன்.” இன்னொருவர் சொல்வார்: “பாகவதர் வந்தப்ப கைக்கெட்டுற தூரத்துல நின்னேன்.” பேரன் கையில் கைபேசி இருக்கிறது. ஒரே நிமிடத்தில் தேதியைத் தேடி எடுத்துவிடுவான். ஊர் பொருந்தாது, ஆண்டு பொருந்தாது. “தாத்தா, அது அங்க நடக்கவே இல்ல” என்பான். தீர்ப்பு வந்துவிட்டது, பெரியவர் பேச்சை மாற்றிக்கொள்வார், அடுத்த முறை அந்தக் கதையை எடுக்கவே மாட்டார். இந்தத் தீர்ப்புமுறை தவறு என்று வாதாடவே இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். சினிமா நட்சத்திரங்களையும் விளையாட்டு வீரர்களையும் பற்றி உறவினர் சொல்லும் நினைவில் நிற்கிற பகுதி ஒன்று உண்டு, நழுவுகிற பகுதி ஒன்று உண்டு. இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. நாமோ நழுவியதைக் காட்டி நிற்பதையும் சேர்த்துத் தூக்கி எறிகிறோம். இது நியாயமும் இல்லை, அறிவுக்குப் பொருத்தமும் இல்லை.

மன்கட்டையே எடுத்துக்கொள்வோம். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராகச் சென்னையில் நடந்த டெஸ்டில் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தார்கள். மன்கட் 231, ராய் 173. 2008இல் தென்னாப்பிரிக்காவின் மெக்கென்சியும் ஸ்மித்தும் 415 எடுக்கும் வரை 52 ஆண்டுகள் அது உலக சாதனையாக நின்றது. எண்பதைத் தாண்டிய ஒருவர், “அதைச் சேப்பாக்கத்தில் பார்த்தேன்” என்று சொன்னால் பேரன் மறுப்பதில் ஒரு பாதி சரிதான். அந்த டெஸ்ட் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை. ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், பிற்பாடு நேரு ஸ்டேடியம் என்று பெயர் பெற்ற இடத்தில் நடந்தது. 1956 முதல் 1965 வரை சென்னை கண்ட டெஸ்டுகள் எல்லாமே அங்கேதான். அதற்குப் பிறகு கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது. கால்நூற்றாண்டு கழித்து நேரு ஸ்டேடியத்தை இடித்துப் புதிதாகவும் கட்டிவிட்டார்கள். ஐம்பது அறுபது ஆண்டுகளாகச் சென்னை கிரிக்கெட் என்றாலே சேப்பாக்கம் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய மனம், தான் பார்த்த ஆட்டத்தையும் அங்கே குடியேற்றிவிட்டது. ஆணி பெயர்ந்தால் அதில் தொங்கிய சட்டையை எடுத்துப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆணியில் மாட்டுவோம் அல்லவா, நினைவும் அதைத்தான் செய்கிறது. சட்டை அவருடையதுதான்.

இது நம் ஊர்க் கிழவர்களுக்கு மட்டும் நேர்வது என்று யாரும் நினைக்க வேண்டாம். நினைவைப் பற்றி ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு பேரறிஞருக்கு நேர்ந்தது. உல்ரிக் நைசர் என்பவர் அமெரிக்க உளவியலாளர். அறிதல் உளவியல் என்ற துறைக்கு அடிப்படை நூலை 1967இல் எழுதியவர். 1941 டிசம்பர் 7ஆம் தேதி பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது அவர் சிறுவன். அந்த நாள் தமக்குத் தெளிவாக நினைவிருக்கிறது என்று எழுதினார்: வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தாராம், இடையில் வர்ணனையை நிறுத்திச் செய்தி சொன்னார்களாம், அம்மாவிடம் சொல்ல மாடிக்கு ஓடினாராம். பல ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்கே உறைத்தது: டிசம்பரில் யாரும் பேஸ்பால் ஆடுவதில்லை! அப்படியானால் நினைவு முழுக்கக் கற்பனையா? 1986இல் தாம்ப்சன், கோவன் என்ற இருவர் பழைய பதிவுகளைத் துழாவினார்கள். அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஓர் ஆட்டம் நடந்துதான் இருக்கிறது. வானொலியில் ஒலிபரப்பாகியும் இருக்கிறது. ஆனால் அது அமெரிக்கக் கால்பந்து. மோதிய அணிகளின் பெயர்கள் ஜயன்ட்ஸ், டாட்ஜர்ஸ். அந்த நகரத்தின் புகழ்பெற்ற பேஸ்பால் அணிகளுக்கும் அதே பெயர்கள்தான். வானொலி உண்மை, ஆட்டம் உண்மை, இடையில் வந்த செய்தி உண்மை. விளையாட்டின் பெயர் மட்டும் இடம் மாறிவிட்டது. ‘டிசம்பரில் பேஸ்பால் இல்லை, ஆகவே இவர் சொல்வது பொய்’ என்று யாராவது அங்கேயே கோப்பை மூடியிருந்தால், ஒரு நல்ல சாட்சியத்தை இழந்திருப்போம். நம் வீட்டுப் பேரன் செய்வது இதைத்தான். அவன் சோம்பேறி என்று நான் குற்றம் சாட்டவில்லை. தேடலைப் பாதியில் நிறுத்துகிறான் என்றுதான் சொல்கிறேன்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பெரியவர்கள் சில சமயம், “எனக்குக் கண்ணுல அப்படியே நிக்குது, அது எப்படித் தப்பாகும்?” என்று கேட்பார்கள். கண்ணில் நிற்பது உண்மைக்குச் சான்று ஆகாது. இதைச் சொல்லிக் காட்டியவரும் அதே நைசர்தான். 1986 ஜனவரி 28ஆம் தேதி சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையிலேயே அவரும் நிக்கோல் ஹார்ஷ் என்பவரும் தங்கள் பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, யாரிடமிருந்து, என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூட முதலில் எழுதியதோடு பொருந்தவில்லை. ஆனால் அவர்கள் உறுதிக்குக் குறைவில்லை. தங்கள் கையெழுத்தில் இருந்த பழைய தாளையே காட்டியபோதும் பழைய நினைவு யாருக்கும் திரும்பி வரவில்லை. இருபது வயது மாணவர்கள், இரண்டரை ஆண்டு இடைவெளி! அறுபது ஆண்டுக்கு முந்தையதைச் சொல்லும் எண்பது வயதுக்காரர் சற்று நிதானமாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்வதில் அவமதிப்பு ஏதும் இல்லை. உறுதியாகச் சொல்வதும் சரியாகச் சொல்வதும் வேறு வேறு என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

நினைவு நழுவும் வழிகளில் மிகச் சாதாரணமானது, ஒன்றை எப்படி அறிந்தோம் என்பது மறந்துபோவது. 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் சமனில் முடிந்தது. 348 எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்தியா 347க்கு ஆட்டமிழந்தது. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் கிரெக் மேத்யூஸ் வீச, மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. 1960இல் பிரிஸ்பேனில் நடந்ததற்குப் பிறகு டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது சமன் அதுதான். அன்றைக்கு மைதானத்தில் இருந்ததாகச் சொல்பவர்கள் சென்னையில் ஏராளம். அவர்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள், சிலர் டிரான்சிஸ்டரில் கேட்டிருப்பார்கள். காட்சி மனதில் தங்கிவிட்டது; காட்சி வந்த வழி உதிர்ந்துவிட்டது. இதை ஓர் ஆய்வும் காட்டியது. 1992 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் விழுந்தது. விமானம் மோதும் கணத்தை எந்தக் கேமராவும் படம்பிடிக்கவில்லை. ஆனால் பத்து மாதம் கழித்து, ‘மோதும் காட்சியை டிவியில் பார்த்தீர்களா’ என்று ஆய்வாளர்கள் கேட்டபோது பாதிக்கு மேற்பட்டோர் ‘பார்த்தோம்’ என்றார்கள். யாரும் அவர்களை ஏமாற்றச் சொல்லவில்லை. கேட்டதும் படித்ததும் சேர்ந்து மனதுக்குள் ஒரு படமாகிவிட்டது. ஆகவே “நான் அங்க இருந்தேன்” என்று மாமா சொல்லும்போது, அந்தக் கூற்றுக்குள் ‘அது நடந்தது’, ‘நான் அதை அறிந்தேன்’, ‘நேரில் இருந்து அறிந்தேன்’ என்று மூன்று கூற்றுகள் அடங்கியிருக்கின்றன. மூன்றாவது விழுந்தால் முதல் இரண்டும் விழ வேண்டிய அவசியம் இல்லை. அந்த மணீந்தர் எல்.பி.டபிள்யூவையே பாருங்கள். பந்து மட்டையில் பட்டது என்று மணீந்தர் விடாமல் சொல்லிவந்தார். நடுவர் விக்ரம்ராஜு தம் தீர்ப்பு சரி என்றே நின்றார். இருபத்திரண்டு கெஜ தூரத்தில் நின்ற இருவருக்கே ஒரு பந்தைப் பற்றி ஒத்துப்போகவில்லை. கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதாலேயே ஒருவர் பொய்யர் ஆகிவிடுவதில்லை.

வீட்டுக்குள்ளேயே இன்னொரு வகைத் தகராறும் உண்டு. “அந்தக் கூட்டத்துல எம்.ஜி.ஆர். தட்டிக்கொடுத்தது என் முதுகைத்தான்” என்று அண்ணன் சொல்வார், “இல்ல, என் முதுகை” என்று தம்பி சொல்வார். 2001இல் ஷீன், கெம்ப், ரூபின் என்ற மூவர் இரட்டையர்களிடம் நடத்திய ஆய்வில் இதே வகை உரிமைப் போராட்டத்தைக் கண்டார்கள். ஒரே நிகழ்ச்சியை இருவரும் தனக்கு நடந்ததாகவே நினைவு வைத்திருந்தார்கள். சேர்ந்து வளர்ந்தவர்கள் ஒரே கதையைப் பலமுறை கேட்டு, பலமுறை சொல்லி, அதை உள்ளே இருந்து பார்க்கப் பழகிவிடுகிறார்கள். இதில் யாருடைய முதுகு என்பது கடைசி வரை தெரியாமலே போகலாம். ஆனால் தட்டிக்கொடுத்தது நடந்தது என்பதற்கு இரண்டு சாட்சி இருக்கிறது; அதையாவது குறித்து வைக்கலாம்.

எல்லா நினைவும் ஏதோ ஒரு வகையில் உண்மைதான் என்று மழுப்பிப் பேச நான் வரவில்லை. சில நினைவுகள் நடந்திருக்க வழியே இல்லை. நடிகர் தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளிவந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்பார்கள். அது நூறு வாரத்துக்கு மேல் ஓடிய படம். எத்தனை வாரம் என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் கணக்கு மாறும். மூன்று தீபாவளி என்பதில் மாற்றம் இல்லை. மக்கள் வாரக் கணக்கில் நினைவு வைப்பதில்லை, பண்டிகைக் கணக்கில் வைக்கிறார்கள். பண்டிகைக் கணக்கு நிற்கிறது. ஆனால் யாராவது, “ரெண்டாவது தீபாவளிக்குப் பாகவதரே தியேட்டருக்கு வந்து கையசைச்சார், எங்க அப்பா பார்த்தார்” என்று சொன்னால் அதை ஏற்க முடியாது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதாகி, 1945இல் தண்டிக்கப்பட்டு, 1947இல் விடுதலையாகும் வரை பாகவதர் சிறையில் இருந்தார். 1945 தீபாவளியும் 1946 தீபாவளியும் அவருக்குச் சிறையில்தான் கழிந்தன. அப்பா பார்த்தது வேறு நாளாக இருக்கலாம், வேறு நடிகராக இருக்கலாம், கேட்ட கதையாகவும் இருக்கலாம். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த இரண்டு மூன்று படம் பார்த்ததாக ஒருவர் சொன்னாலும் அப்படித்தான். அவர்கள் சேர்ந்து நடித்தது 1954இல் வந்த ‘கூண்டுக்கிளி’ ஒன்றில் மட்டும். இத்தகைய இடங்களில் மரியாதையோடும் தெளிவாகவும் ‘இது நடந்திருக்க முடியாது’ என்று எழுதி வைப்பதே பெரியவருக்கும் வரலாற்றுக்கும் நாம் செய்யும் நேர்மை.

அதே தராசில் மறுதட்டையும் வையுங்கள். “முகமது அலி மெட்ராஸ்ல குத்துச்சண்டை போட்டார், எம்.ஜி.ஆர். உக்காந்து பார்த்தார், நானும் பார்த்தேன்” என்று ஒரு தாத்தா சொன்னால் எத்தனை பேரன்கள் சிரிக்காமல் இருப்பார்கள்? கேட்டால் சினிமாக் கதை போலத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது. 1980ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அலி சென்னை வந்தார். முன்னாள் உலகச் சாம்பியனும் பழைய நண்பருமான ஜிம்மி எல்லிஸோடு நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிச் சண்டை போட்டார். அப்போது முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அந்தப் பயணத்தில்தான் அமெரிக்க அதிபர் கார்ட்டர், மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆப்பிரிக்க நாடுகளின் ஆதரவைத் தேடும் பொறுப்பை அலியிடம் கொடுத்தார். பிப்ரவரித் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்தே அவர் தான்சானியாவுக்குப் பறந்தார். பிப்ரவரி 17ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. ஆக, அந்தத் தாத்தா சொல்லும் மாலைப்பொழுதுக்கு முன்னும் பின்னும் ஏடுகளில் தேதிகள் வேலி போட்டு நிற்கின்றன. “அலியோட கை குலுக்கினேன்” என்பது தனிக் கூற்று. அதைத் தனியாக விசாரிக்க வேண்டும். ஒருவர் காலரியில் உட்கார்ந்து பார்த்தது பத்தாவது முறை சொல்லும்போது முன்வரிசையாகும், முப்பதாவது முறை கைகுலுக்கலாகும். சொல்லச் சொல்லக் கதை சொல்பவரின் விருப்பத்துக்கேற்ப உருமாறுவதை 1932லேயே உளவியலாளர் பார்ட்லெட் எழுதிவிட்டார். கை குலுக்கவில்லை என்று தெரிந்தாலும் காலரி பொய்யாகாது.

இனி ஒரு வாரத்தை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். 1967 ஜனவரி 12, வியாழக்கிழமை. அன்று இராமாவரம் தோட்டத்தில் நடிகர் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். மறுநாள், ஜனவரி 13, வெள்ளிக்கிழமை காலை, சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட் தொடங்கியது. டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பி வந்தது அந்த ஆட்டத்தில்தான். இந்தியாவின் ஃபரூக் எஞ்சினியர் உணவு இடைவேளைக்குள் 94 ரன் விளாசினார். அதே வெள்ளியன்று எம்.ஜி.ஆர். நடித்த ‘தாய்க்குத் தலைமகன்’ பொங்கல் படமாகத் திரைக்கு வந்தது. ஜனவரி 18ஆம் தேதி, ஏழு விக்கெட் போன பிறகு மேற்கிந்தியத் தீவுகளின் சோபர்ஸும் சார்லி கிரிஃபித்தும் கடைசி வரை நின்று டெஸ்டை டிரா செய்தார்கள். ஒரு நகரம் ஒரே வாரத்தில் தன் மிகப்பெரிய திரை நாயகன் பிழைப்பாரா என்று தவித்தது, பொங்கல் வைத்தது, அவர் படத்தைப் பார்த்தது, உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரான சோபர்ஸையும் பார்த்தது. “எம்.ஜி.ஆரைச் சுட்ட அன்னைக்கு நான் சேப்பாக்கத்துல எஞ்சினியர் அடிச்சதைப் பார்த்துட்டிருந்தேன்” என்று இப்போது ஒருவர் சொன்னால் பேரன் என்ன சொல்வான்? சுட்டது வியாழன், எஞ்சினியர் ஆடியது வெள்ளி, தவறு. கணக்குப்படி ஒரு நாள் தவறுதான். ஆனால் ஒரு சாதாரண மனிதனுக்குச் ‘சுட்ட நாள்’ எது? துப்பாக்கி வெடித்த நாழிகையா, செய்தி தன் காதில் விழுந்த நாழிகையா? தனக்கு உலகம் மாறிய கணத்தைத்தான் மனம் குறித்துக்கொள்கிறது. எனக்குப் படுவது இது: அந்த ஒரு நாள் பிசகு அவர் நினைவு உண்மையானது என்பதற்கே சாதகமான குறிப்பு. புத்தகம் பார்த்துச் சொல்பவர் வியாழன் என்று சரியாகச் சொல்லியிருப்பார்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ‘பத்திரிகை இருக்கிறது, ஸ்கோர்கார்டு இருக்கிறது, இணையம் இருக்கிறது. பிறகு கிழவரின் நினைவு எதற்கு?’ இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முதல் பதில், நாம் இருப்பதாக நினைக்கிற ஆவணம் பல இடங்களில் இல்லவே இல்லை. தமிழின் முதல் பேசும்படம் என்று கொண்டாடுகிற 1931ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’, பிரதி கிடைக்கவில்லை. எம்.ஜி.ஆர். முதன்முதலில் தலைகாட்டிய 1936ஆம் ஆண்டின் ‘சதி லீலாவதி’, அதற்கும் பிரதி கிடைக்கவில்லை. இரண்டும் இன்று விளம்பரமாகவும் விமர்சனமாகவும் பார்த்தவர்கள் விட்டுப்போன சொல்லாகவும்தான் உயிரோடு இருக்கின்றன. விளையாட்டிலும் அப்படியே. 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் சாய்த்த இன்னிங்ஸில் மொத்தம் 190 ரன்னில் 97ஐத் தனியாளாக, ஆட்டமிழக்காமல் எடுத்தார் விஸ்வநாத். சதமடிக்காத அந்த ஆட்டத்தை இன்றும் பல சதங்களுக்கு மேலாக வைத்துப் பேசுகிறார்கள். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறந்ததோ அந்த ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி. இந்த ஊரில் அந்த 97 அன்று நேரில் இருந்தவர் கண்ணிலும் வானொலி கேட்டவர் காதிலும் பதிந்தது, அவ்வளவுதான். அந்த ஷாட்கள் எப்படி இருந்தன என்பதற்கு நாம் யாரிடம் போவது?

இரண்டாவது பதில், காகிதமும் தன் இடத்திலிருந்துதான் பார்க்கிறது. செய்தியாளர் பிரஸ் பாக்ஸில் உட்கார்ந்து எழுதினார், வெயில் காயும் காலரியிலிருந்து எழுதவில்லை. ‘பராசக்தி’ 1952 தீபாவளிக்கு வந்தது என்று ஏடு சொல்லும். ஆனால் ஒரு கிராமத்துப் பாட்டி அதை 1954இல் பார்த்ததாகச் சொன்னால் அவர் பிசகிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். நகரத்தில் ஓடிய படப்பெட்டி டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேர மாதங்கள் ஆகும், ஆண்டுகளும் ஆகும். ஏட்டில் இருப்பது வெளியீட்டுத் தேதி, பாட்டி சொல்வது மணலைக் குவித்து உட்கார்ந்து தரை டிக்கெட்டில் பார்த்த தேதி. சரிபார்க்கிறவனுக்கு இந்த விவரம் தெரியாவிட்டால் பிழை அவனிடம்தான் இருக்கிறது.

பெண்களின் நினைவை நாம் இன்னும் எளிதாகத் தள்ளிவிடுகிறோம். ஆண்கள் ஆண்டைச் சொல்லி உறுதியோடு பேசுவார்கள்; அந்த ஆண்டு பெரும்பாலும் பின்னால் ஒட்டிக்கொண்டது. அத்தையோ சித்தியோ ஆண்டு சொல்ல மாட்டார்கள். “பெரியவன் வயித்துல ஏழு மாசம், நடக்க முடியாம நடந்து மேட்னி ஷோ போனோம்” என்பார்கள். அல்லது, “மாமியார் செத்து வருஷம் திரும்பல, அதனால சொல்லாம கொள்ளாமப் போனோம்” என்பார்கள். கேட்பவருக்கு இது தெளிவில்லாத பேச்சாகப் படுகிறது. உண்மையில் இதைவிட நல்ல தேதி கிடையாது. மகனின் பிறப்புச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. மாமியார் திதி பஞ்சாங்கத்தில் இருக்கிறது. முதல் கணக்கில் இரண்டு மாதத்துக்குள்ளும் இரண்டாவதில் ஓர் ஆண்டுக்குள்ளும் அந்த மேட்னியை நிறுத்திவிடலாம். பிறகு அந்த ஊர்த் தியேட்டரில் அப்போது என்ன படம் ஓடியது என்று பார்த்தால் போதும்.

‘பெரியவர்கள் சொல்வதைச் சோதிப்பது மரியாதைக் குறைவு’ என்று சிலர் வருத்தப்படுவார்கள். இதைச் சொல்பவர்கள் பாசத்தால் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் சோதிக்காமல் தலையாட்டுவது மரியாதை ஆகுமா? குழந்தை கதை சொன்னால் தலையாட்டுகிறோம், ஏனென்றால் அதை நாம் பொருட்படுத்தவில்லை. கோர்ட்டில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறோம், ஏனென்றால் அவர் சொல்லில் ஒரு மனிதனின் விடுதலை தொங்குகிறது. உங்கள் சொல்லுக்கு எடை இருக்கிறது, அதனால் நிறுத்துப் பார்க்கிறேன் என்று பெரியவரிடம் சொன்னால் அவர் சிறுமைப்பட மாட்டார். கதவு வரை வந்து இன்னும் இரண்டு விவரம் சொல்லி அனுப்புவார். முகத்துக்கு நேரே, பந்தியில், பத்துப் பேர் முன்னால் ‘பொய்’ என்று சொல்வதுதான் காயப்படுத்துகிறது.

இன்னொரு குரலும் கேட்கிறது: ‘போயும் போயும் நடிகனையும் ஆட்டக்காரனையும் பார்த்த கதைக்கா இவ்வளவு பாடு? சுதந்திரப் போராட்டத்தைக் கேட்டுப் பதிவு செய்யலாமே.’ தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் திரையை ஒதுக்கிவிட்டுப் பொதுவாழ்வை எழுத முடியுமா? 1967 பிப்ரவரித் தேர்தலில் கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் சுவரொட்டியாகித் தெருத்தெருவாக நின்றது; மருத்துவமனையில் இருந்தபடியே அவர் பரங்கிமலையில் வென்றார்; ஆட்சி மாறியது. அந்தச் சுவரொட்டியைப் பார்த்து ஒரு தாய் என்ன நினைத்தார் என்பது அரசியல் வரலாறு. அதைச் சொல்லக்கூடியவருக்கு இன்று எண்பது வயதுக்கு மேல். அவரிடம் சுதந்திரப் போராட்டத்தைக் கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது; எம்.ஜி.ஆரைக் கேட்டால் ஒரு தெருவின் வாழ்க்கையே வெளிவரும்.

எப்படிக் கேட்பது என்பதில் இரண்டொரு வார்த்தை. ஆண்டை முதலில் கேட்காதீர்கள். கேட்டால் ஒன்றைச் சொல்லிவிட்டு அதற்கேற்ப மற்றதை வளைத்துவிடுவார்கள். யாருடன் போனீர்கள், எதில் போனீர்கள், டிக்கெட் யார் எடுத்தார், வெயில் எந்தப் பக்கம், என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் யார் திட்டினார் என்று கேளுங்கள். அண்ணன் தம்பிகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்காரவைத்தால் குரல் ஓங்கியவர் சொன்னது எல்லோர் நினைவும் ஆகிவிடும். அவர் சொன்னபடியே எழுதுங்கள், பிழையோடு எழுதுங்கள். உங்கள் திருத்தத்தை எதிர்ப்பக்கத்தில், வேறு மையில் எழுதுங்கள். சரிபார்க்க எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்கள் இருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவற்றில் வளர்ந்த ஆராய்ச்சி நூலகம் சென்னையில் இருக்கிறது. தியேட்டர் வாசலில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகங்களைக்கூட அங்கே காக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1967 ஜனவரி 13 வெள்ளிக்கிழமை காலை சேப்பாக்கம் காலரிக்கு எம்.ஜி.ஆர். செய்தி எப்படி வந்து சேர்ந்தது, யாராவது எழுந்து போனார்களா, எஞ்சினியர் பவுண்டரி அடித்தபோது கைதட்டினார்களா, பேசாமல் உட்கார்ந்திருந்தார்களா என்பதை ஸ்கோர்கார்டு சொல்லாது. இந்த அவையில் நரைத்த தலைகள் பல தெரிகின்றன. அன்று அங்கே இருந்தவரோ, இருந்ததாக நினைப்பவரோ, பக்கத்தில் இருந்தவர் சொல்லக் கேட்டவரோ யாராக இருந்தாலும் கூட்டம் முடிந்ததும் தயவுசெய்து உடனே கிளம்பிவிட வேண்டாம். வாசல் பக்க மேசையில் இரண்டு இளைஞர்கள் நோட்டோடு காத்திருக்கிறார்கள். தேதியைக் கடைசியாகத்தான் கேட்பார்கள்.